ஆட்டுக்காரரின் சாட்சி

போதகரை அந்தப் பகுதிக்கு அனுப்பியபோது வேனின் தலையில் ஒரு ஒலிபெருக்கியையும் கட்டித்தான் அனுப்பினார்கள். கேட்பதற்கு ஆள் வேண்டுமே என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரு வீட்டை விட்டால் அடுத்த வீடு கண்ணுக்கெட்டாத தூரத்தில். நடுவே கம்பி வேலி, புதர், ஆடு. முதல் மாதம் முழுக்க அவர் ஆடுகளுக்குத்தான் சுவிசேஷம் சொன்னார். அவை தலை நிமிர்ந்து மரியாதையாகக் கேட்டுவிட்டு மறுபடியும் மேயப் போயின.

மற்ற இடங்களுக்குப் போன ஊழியர்கள் மாதக் கூட்டத்தில் ஆத்துமாக்களைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். இவரிடம் இருந்தது ஒரே ஒரு வீடு. டயர் வெடித்து வேன் நடுவழியில் நின்றபோது எங்கிருந்தோ வந்து கழற்றி மாட்டிக் கொடுத்த ஆட்டுக்காரரும் அவர் மனைவியும்தான் இவருடைய மொத்த அறுவடை. நல்ல மனிதர்கள். போகிற நேரமெல்லாம் சாப்பிடாமல் விட மாட்டார்கள்.

அதுதான் சிக்கலே. ஞானஸ்நானத்துக்கு முன் பாவத்தை அறிக்கையிடச் சொன்னபோது ஆட்டுக்காரர் வெகு நேரம் யோசித்தார். ஒரு முறை நொண்டி ஆட்டை நல்ல ஆடு என்று சந்தையில் தள்ளிவிட்டதாகவும், மனசு கேட்காமல் மறுவாரமே போய் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு ஆடு கொடுத்ததாகவும் சொன்னார். வேறு என்ன என்று கேட்டதற்குத் தலையைச் சொறிந்தார். ஆடுகள் தண்ணீர் குடிக்கும் சிமெண்ட் தொட்டியில் இருவருக்கும் முழுக்கு கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியெல்லாம், இந்த நொண்டி ஆட்டை வைத்துக்கொண்டு கூட்டத்தில் எப்படி எழுந்து நிற்பது என்றே போதகர் கவலைப்பட்டார்.

எண்ணிக்கையைக் கூட்ட வழியில்லாதவர் எடையைக் கூட்டினார். முதல் தடவை சொன்ன சாட்சியில் ஆட்டுக்காரர் எப்போதாவது குடிப்பவராக இருந்தார். சபையில் ஒருவரும் கொட்டாவியைக்கூட மறைக்கவில்லை. அடுத்த சபையில் அவர் தினமும் குடித்தார். அங்கங்கே ‘ஸ்தோத்திரம்’ கேட்டது. அதற்கடுத்த சபையில் குடித்துவிட்டு வந்து மனைவியை அடித்தார். கடைசி வரிசை வரை நிமிர்ந்து உட்கார்ந்தது. அதற்கப்புறம் மனைவியின் கையை முறிக்காமல் இருக்க முடியுமா? பாவம் பெரிதானால்தானே இரட்சிப்பும் பெரிதாகத் தெரியும், எல்லாம் கர்த்தருக்கு மகிமை சேர்க்கத்தானே என்று போதகர் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார். எந்த மூலையிலோ கிடக்கிற வீடு. அவர்கள் காதில் யார் போய்ப் போடப்போகிறார்கள்?

யாரும் போடவில்லை. சபை மூப்பர் அந்தத் தம்பதியையே நேரில் வரவழைத்துவிட்டார். வருடாந்தரக் கூட்டத்தில் போதகருக்குத் திடீர் சந்தோஷம் கொடுக்க வேண்டும் என்று, ஆடு ஏற்றப் போகும் லாரிக்காரரிடம் சொல்லியனுப்பி, இருவரையும் நகரத்துக்குக் கூட்டிவரச் செய்திருந்தார். போதகருக்கு இது தெரியாது. மைக்கைப் பிடித்து, மனைவியின் கை முறிந்த கட்டத்தைக் குரல் தழுதழுக்கச் சொல்லி முடித்து, யார் யார் அழுகிறார்கள் என்று கண்ணை ஓட்டினார். மூன்றாவது வரிசையில் ஆட்டுக்காரரின் மனைவி, முறியாத இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கணவர், துவைத்து மடித்த சட்டையும் கையில் தொப்பியுமாக.

போதகர் மைக்கைக் கீழே இறக்கினார். அதற்குள் மூப்பர் மேடையேறி, அந்தச் சகோதரர் இதோ நம் நடுவிலேயே இருக்கிறார் என்று அறிவித்து ஆட்டுக்காரரைக் கைப்பிடித்து மேலே ஏற்றிவிட்டார். உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்லப் போதுமான நேரமும் இருந்தது. போதகர் மைக்கை ஆட்டுக்காரரிடம் நீட்டினார்.

ஆட்டுக்காரர் கூட்டத்தைப் பார்த்தார். போதகரின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் என்ன தெரிந்ததோ, குழிக்குள் விழுந்த ஆட்டைக் கண்டவர் மாதிரி அவருக்கு இரக்கம் வந்துவிட்டது.

“ஐயா சொன்னாருல்லங்க... அப்படித்தான்” என்றார்.

அரங்கம் அல்லேலூயா என்று அதிர்ந்தது. கூட்டத்து இடைவேளையில் பெண்கள் அந்த அம்மாளைச் சூழ்ந்துகொண்டு கையைத் தடவிப் பார்த்தார்கள். குளிர்காலத்தில் வலிக்குமா என்று ஒருத்தி கேட்டாள். ஆண்கள் ஆட்டுக்காரரிடம் கை குலுக்கிவிட்டு, தள்ளி நின்று, தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். ஒரு தாய் தன் சின்னப் பெண்ணை அவர் பக்கத்திலிருந்து மெல்ல இழுத்துக்கொண்டாள். போதகர் அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி தண்ணீர் குடிக்கப் போனார்.

இனி அங்கே நின்றால் யாராவது கிளறுவார்கள் என்ற பயத்தில், லாரி எதற்கு, நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று இருவரையும் வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். கூட்டம் இன்னும் பாதிதான் முடிந்திருந்தது. வீடுகள் குறைந்து, மரங்கள் குறைந்து, வேலி மட்டும் கூட வந்தது. மூவரும் முன் இருக்கையில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது போதகருக்கு.

“ஐயா, வண்டியைக் கொஞ்சம் நிறுத்துங்க” என்றார் ஆட்டுக்காரர்.

நிறுத்தினார். இதோ வருகிறது என்று கழுத்தைச் சுருக்கிக்கொண்டார். ஆட்டுக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

“அவ்வளவு ஜனத்துக்கு முன்னாடி நான் பொய் சொல்லிட்டேன். உறுத்திக்கிட்டே இருக்கு. எனக்காக ஒரு ஜெபம் பண்ணுங்க.”

பொய் சொன்னது நான்தான் அண்ணே என்று போதகர் முனகினார். உங்களுடையது உங்களோடு, என்னுடையதைத்தானே நான் சொல்ல முடியும் என்று ஆட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். வேறு வழியில்லாமல் போதகரும் மூடிக்கொண்டு ஆரம்பித்தார். வெட்கக்கேடு என்னவென்றால், ஜெபம் தங்கு தடையில்லாமல் வந்தது. வார்த்தைகள் வழக்கம் போலவே வரிசை கட்டி நின்றன. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது அந்த அம்மாள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபம் முழுக்க அந்த அம்மாள் கண்ணை மூடவேயில்லை.

“தம்பி, எங்க வீட்டுக்கு நாலு பக்கமும் ஆள் கிடையாது” என்றார். குரலில் கோபமில்லை. “இவரு என்னை எப்படி வச்சிருக்காருன்னு பாத்தவங்க யாரும் இல்ல. நான் ஒருத்திதான். நான் சொன்னாத்தான் உண்டு. இனிமே நான் சொன்னாலும், புருஷனுக்குப் பயந்து சொல்றாள்னுதானே நினைப்பாங்க?”

விடு, ஐயா நல்லதுக்குத்தான் சொன்னார் என்று கணவர் இடையில் புகுந்தார். அந்த அம்மாள் காதில் வாங்கவில்லை.

“கூட்டம் சாயங்காலம் வரைக்கும் இருக்குன்னு சொன்னாங்க. திருப்புங்க.”

அடுத்த மாதக் கூட்டத்தில் கட்டாயம் சொல்லிவிடுகிறேன் என்ற வாக்கியம் போதகரின் தொண்டை வரை வந்தது. அந்தப் பார்வைக்கு முன்னால் அது வெளியே வரவில்லை. திருப்புவதற்கு இடமில்லை என்று சாக்குச் சொல்லவும் முடியாது. எதிரில் ஒரு வண்டி கிடையாது, பின்னால் ஒரு வண்டி கிடையாது. வேனைத் திருப்பினார்.

மூப்பரின் முகம், அந்தத் தாயின் முகம், அழுத பெண்களின் முகம் என்று ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து நின்றது. போய்ச் சேர்வதற்குள் கூட்டம் கலைந்துவிட வேண்டுமே என்று மனசு வேண்டிக்கொண்டது. இப்படியும் ஒரு வேண்டுதலா என்று தன்னையே காறித் துப்பலாம் போலிருந்தது. ஆனாலும் வேண்டுதல் நிற்கவில்லை. கால் அதன் பாட்டுக்கு ஆக்ஸிலரேட்டரிலிருந்து மெல்ல மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது.

“கொஞ்சம் வேகமா ஓட்டுங்க தம்பி” என்றார் அந்த அம்மாள்.