ஒப்புகை அட்டை வரட்டும்

ஜெயகிருஷ்ணனுக்கு எதுவும் காகிதத்தில் இருந்தாக வேண்டும். பால்காரர் இரண்டு நாள் ஊருக்குப் போகிறேன் என்றால்கூட, ஒரு துண்டுச் சீட்டில் தேதி போட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்வார். சைதாப்பேட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர் உத்தியோகம். ஓய்வுபெற இன்னும் பதினெட்டு மாதம் இருந்தது. தினமும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, தினமும் அதே களைப்போடு இறங்குகிறவர்.

கேலி செய்வதற்கு முன்னால் காரணத்தையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். இருபத்தைந்து வருடத்துக்கு முன் ஒரு மேலதிகாரி, “ஃபைலை அனுப்புய்யா, நான் பார்த்துக்கறேன்” என்று வாய் வார்த்தையாகச் சொன்னார். இவரும் நம்பி அனுப்பினார். விசாரணை என்று வந்தபோது அந்த மனிதர், “நானா? எப்போ சொன்னேன்?” என்று கேட்டுவிட்டார். மெமோ வந்தது, இரண்டு ஊதிய உயர்வு போயிற்று. அன்றிலிருந்து ஜெயகிருஷ்ணன் வாய்ப்பேச்சை நம்புவதில்லை, தொலைபேசியை நம்புவதில்லை. பதிவுத் தபாலும், பெற்றவர் கையெழுத்தோடு திரும்பி வரும் ஒப்புகை அட்டையும்தான் அவருக்குக் குலதெய்வம்.

அப்படிப்பட்டவர் இணையத்தில் ஒரு லேப்டாப் வாங்கினார் என்றால், அது மகள் சின்மயிக்காக. மூன்று வருடத்துக்கு முன் கைக்குழந்தை ஸ்ம்ருதியோடு ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டுக்குத் திரும்பி வந்தவள் அவள். விவாகரத்து வழக்கு செங்கல்பட்டு நீதிமன்றத்தில் வாய்தா வாய்தாவாக நகர்ந்துகொண்டிருந்தது. அம்மா லோகநாயகி உயிரோடு இல்லை, குழந்தையை விட்டுவிட்டுப் போக வேறு ஆளும் இல்லை. குழந்தை தூங்கும் நேரத்தில் ஐந்தங்குலச் செல்போனில் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி, மருத்துவக் குறிப்புகளைக் குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடிங் படித்துத் தேறினாள். கேளம்பாக்கத்தில் ஒரு நிறுவனம், வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று வேலையும் கொடுத்தது. ஒரே நிபந்தனை, லேப்டாப்பை அவளே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அதை அவர்களுடைய கணினிப் பிரிவு இணையம் வழியாகப் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும்.

“நான் வாங்கித் தரேன், நீ கவலைப்படாதே” என்றார் ஜெயகிருஷ்ணன்.

டெண்டர் பார்ப்பதைப் போல இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். புதியதன் விலை கட்டுப்படியாகவில்லை. ‘புதுப்பிக்கப்பட்டது, நாற்பத்தேழு சோதனைகளில் தேறியது, புதிதைப் போன்றது’ என்று ஒன்று கண்ணில் பட்டது. நாற்பத்தேழு என்று கணக்காக எழுதியிருக்கிறானே, யோக்கியனாகத்தான் இருப்பான் என்று மனிதர் நினைத்துவிட்டார்.

இரண்டாம் தேதி பெட்டி வந்தது. பார்க்க நன்றாகவே இருந்தது, ஒரு கீறல் இல்லை. சின்மயி அதைத் திறந்து, மொழி கேட்டதற்குப் பதில் சொல்லி, வைஃபை இணைத்தாள். இணைத்ததுதான் தாமதம், திரையில் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் வந்து, அந்த நிறுவனத்து ஊழியருக்கான கடவுச்சொல்லைக் கேட்டது. அதற்கு மேல் ஓர் அடி நகரவில்லை. அணைத்துப் போட்டாலும் அதேதான் வந்தது. யாரோ ஓர் ஊழியருக்குக் கொடுத்திருந்த கணினி, பூட்டை எடுக்காமலே கைமாறி வந்திருக்கிறது. நாற்பத்தேழு சோதனை செய்தவர்கள் ஒரு தடவையாவது இணையத்தில் இணைத்துப் பார்த்திருக்கலாம்.

“பரவாயில்லைப்பா, ஆப்ல ரிட்டர்ன்னு ஒரு பட்டன் இருக்கு. ஏழு நாள் டைம். அமுக்கினா அவங்களே வந்து எடுத்துட்டு வேற தருவாங்க” என்றாள் சின்மயி.

“பட்டனை அமுக்கினா? நாளைக்கு அமுக்கவே இல்லைன்னு சொன்னா என்ன பண்ணுவே? என்ன அத்தாட்சி இருக்கு உன் கையில?”

“அதுல நம்பர் வரும்ப்பா.”

“அவன் ஆப்பு, அவன் நம்பர். அவன் நெனச்சா அழிச்சிடுவான். நீ அதைத் தொடாதே. ஏதாவது ஒண்ணு அமுக்கி வைப்பே, அப்புறம் கேஸ் வீக் ஆயிடும். நான் முறைப்படி எழுதறேன்.”

கொஞ்சம் அதட்டலாகத்தான் சொன்னார். சின்மயி லேப்டாப்பை மூடிப் பெட்டிக்குள் வைத்தாள்.

அன்றைக்கே உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினார். பொருள், பார்வை, அனுப்புநர், பெறுநர், இணைப்புகள் நான்கு. எழுத்து முத்து முத்தாக இருந்தது, ஆங்கிலத்தில் ஒரு பிழை சொல்ல முடியாது. மறுநாள் அலுவலகத்துக்கு ஒரு மணி நேர அனுமதி போட்டுவிட்டு, கிழக்குத் தாம்பரம் தபால் நிலையத்தில் வரிசையில் நின்று, பில்லில் இருந்த பெங்களூரு முகவரிக்கு அனுப்பினார். ரசீதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டபோதுதான் அவருக்கு மூச்சு சீராக வந்தது. ஏழு நாளுக்குள் எழுத்துபூர்வமாகச் சொல்லியாயிற்று, இனி அவர்கள் பாடு.

நாட்கள் போயின. சின்மயி நடுநடுவே, “ஏதாவது வந்துச்சாப்பா?” என்பாள். “ஒப்புகை அட்டை வரட்டும்” என்பார். ஐந்தாம் தேதியும் அதே பதில், எட்டாம் தேதியும் அதே பதில். ஒன்பதாம் தேதி அவள் கேட்கவே இல்லை. கேட்காததைக் கவனிக்கிற நிலையில் அவரும் இல்லை. அலுவலகத்தில் தணிக்கை நடந்துகொண்டிருந்தது, வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுப் படுக்கத்தான் தெம்பிருந்தது.

பதினோராம் தேதி தபால் நிலையத்தில் போய் விசாரித்தார். கவுண்டரில் இருந்த காமு என்ற பெண் கணினியைப் பார்த்துவிட்டு, “சார், அந்த அட்ரஸ்ல ஆளே இல்லையாம். எடம் மாறிட்டாங்களாம். லெட்டர் உங்களுக்கே திரும்பி வந்துட்டிருக்கு” என்றாள்.

தபால் நிலைய வாசலிலேயே நின்று, பெட்டி வந்த பிறகு முதல் தடவையாக அந்த ஆப்பைத் திறந்தார். பட்டன் இருந்த இடம் சாம்பல் நிறமாகியிருந்தது. ‘திரும்ப அனுப்பும் காலம் ஒன்பதாம் தேதியோடு முடிந்தது’ என்று கீழே எழுதியிருந்தது.

வெள்ளிக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வேளச்சேரி சாலையில் லாசரஸின் பழுதுபார்க்கும் கடைக்கு ஓடினார். லாசரஸ் திரையைப் பார்த்த மாத்திரத்தில் மூடி, அவர் பக்கமே தள்ளிவிட்டான்.

“இத்த நான் தொட மாட்டேன் சார். எந்தக் கம்பெனி மாலோ, இன்னா கேஸோ. தெறந்து வுட்டா நாளைக்கு போலீஸு நம்ம கடையாண்ட வந்து நிக்கும்.”

“வாடகைக்காவது ஒண்ணு குடுப்பா. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள வேணும்.”

“எல்லாம் வெளிய பூட்ச்சி சார். திங்கக்கெழம ஒண்ணு வரும். ஆமா, ஆப்ல ரிட்டன் போட்டியா இல்லியா? மொத வேலையா அத்தத்தான சார் பண்ணணும்? சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியுமே!”

அலுவலகத்தில் நாற்பது பேர் எழுந்து நின்று வணக்கம் சொல்கிற மனிதர், லேப்டாப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெயிலில் நடந்தார். இன்னும் மூன்று கடை ஏறி இறங்கினார். ஒன்றில் கிடைத்த லேப்டாப்பில் கேமரா இல்லை, ஒன்றில் சின்மயியின் நிறுவனம் கேட்ட வேகம் இல்லை, ஒன்று மதியச் சாப்பாட்டுக்குப் பூட்டியிருந்தது.

பேருந்து நிறுத்தத்தில் நின்று நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்தார். மறுமுனையில் பேசிய பெண் பொறுமையாகவே கேட்டாள்.

“சட்டம் உங்க பக்கம்தான் சார். பூட்டுன பொருளை வித்தது அவங்க தப்பு. ஏழு நாள் முடிஞ்சிடுச்சுன்னு சொல்லித் தப்பிச்சிட முடியாது. பில்லு, ஸ்கிரீன் போட்டோ, நீங்க அனுப்புன லெட்டர் எல்லாத்தையும் வெச்சுக்கோங்க. நாங்க புகார் பதிவு பண்றோம். அவங்க பதில் சொல்லலைன்னா மாவட்ட ஆணையத்துல ஆன்லைன்லயே போடலாம்.”

“எத்தனை நாள் ஆகும்மா?”

“மாசக்கணக்குல ஆகலாம் சார். ஆனா, விடாதீங்க.”

மணி அப்போது நாலரை. அவர் வீடு வந்து சேர்வதற்குள் ஐந்து அடித்துவிட்டது. ஆறு மணிக்குக் கேளம்பாக்கத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. இடம் அடுத்தவருக்குப் போய்விட்டதாம், ஆறு மாதம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாமாம். சின்மயி அதைப் படித்துக் காட்டிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போனாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் ஜெயகிருஷ்ணன் அன்றிரவு சாப்பிட்டிருப்பார்.

ஞாயிறு காலை ஆணையத்துக்கான புகாரை எழுத உட்கார்ந்தார். எழுதுவது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த பிராயச்சித்தம். நடந்ததை நாள் வாரியாக எழுதிக்கொண்டு வந்தவர், சின்மயியைக் கூப்பிட்டார். தோளில் ஈரத் துண்டோடு வந்து நின்றாள்.

“ஏழு நாளுக்குள்ள நாம கடிதம் போட்டதுக்கு ரசீது இருக்கு. அந்த ஆப்பு பக்கம் நாம போகவே இல்லைன்னு ஒப்புக்கறதா, அதை விட்டுடறதா? உண்மையை எழுதிடறதுதான் நல்லது இல்லையா?”

“உண்மைன்னா, நான் போனேன்ப்பா” என்றாள் சின்மயி.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“ஒம்பதாம் தேதி காலைல நீங்க குளிக்கப் போனீங்க. உங்க போன் டேபிள் மேல இருந்துச்சு. எடுத்து, காரணம் எல்லாம் டைப் பண்ணி, போட்டோ சேர்த்து, கடைசிப் பக்கம் வரைக்கும் போயிட்டேன். உறுதி செய்யவான்னு கேட்டுச்சு. அப்படியே வெச்சுட்டேன்.”

ஜெயகிருஷ்ணன் பேனாவைக் காகிதத்திலிருந்து எடுத்தார்.

“ஒரு தரம் அமுக்கியிருக்கலாமேம்மா. வந்து நான் கத்தினா கத்திட்டுப் போறேன். என்ன பண்ணியிருப்பேன் உன்னை?”

“ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டீங்க.” அவள் குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. “தொடாதேன்னு சொன்னீங்க. பொண்ணையும் கூட்டிக்கிட்டு வந்து உங்க வீட்டுல இருக்கேன். உங்க பேச்சைத் தட்ட எனக்குத் தைரியம் வரலைப்பா. வேலைக்குப் போயிட்டா அந்தத் தைரியம் வந்துடும்னு நெனச்சேன்.”

கொல்லைப்பக்கத்திலிருந்து ஸ்ம்ருதி கூப்பிட்டாள். துண்டை உதறிக்கொண்டே சின்மயி போய்விட்டாள். ஜெயகிருஷ்ணன் பேனாவை மூடி வைத்தார். கண்ணில் நீர் வந்து, எழுதியதெல்லாம் கலங்கித் தெரிந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.