பன்னிரண்டு பாகைக்குள் பாண்டிச்செல்வி

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் தோசைக்கடை நடத்தும் பிச்சைமணியின் மனைவி பாண்டிச்செல்வி, கணவன் பக்கத்தில் வந்தால் கண்ணுக்குத் தெரியமாட்டாள். மகள் அமுதவள்ளி பிறந்த சித்திரை அமாவாசையன்று ஆஸ்பத்திரியிலேயே இது தொடங்கிவிட்டது. பிச்சைமணி கட்டிலருகே போனபோது போர்வை மட்டும் மேடாக இருந்தது. நர்ஸ் அவனை வெளியே அனுப்பியதும் தாய் வழக்கம்போல் படுத்திருந்தாள். அதன்பின் அவன் அடுப்பில் நிற்க, அவள் பின்கட்டுக் கிரைண்டரில் இருந்தால் பிறைபோல ஒரு ஓரம் தெரியும்: காது, கம்மல், தோளில் ஒரு கீற்று. அவன் சாமான் வாங்க எர்ணாகுளம் பிராட்வேக்குப் போய்விட்டால் முழுசாகத் தெரிவாள். தெரிவதென்ன, அவளருகே உட்கார்ந்து கறுப்பு உளுந்தில் கல் பொறுக்கலாம், அவ்வளவு வெளிச்சம். கடையில் தட்டுகள் தாமாக மேசைக்கு வந்தன. சுமைதூக்கும் முஹம்மதும் கூட்டாளிகளும் முதலில் கையை இழுத்துக்கொண்டார்கள். பிறகு காற்றைப் பார்த்து, "சேச்சி, கொறச்சு சட்னி" என்று கேட்கப் பழகினார்கள். ஆனால் எழுந்து போகும்போது, "தோசை உஷார், சேட்டா" என்று பிச்சைமணியைத்தான் பாராட்டினார்கள். மாவு அரைத்தது அவள்.

பிச்சைமணி மகளின் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு இரண்டு ஜோசியர்களிடம் போனான். தெருமுனைப் பணிக்கர், கறுத்த வாவு, அமாவாசைப் பிறப்பு, எதற்கும் ஆகாது என்று கட்டத்தைத் தள்ளிவைத்தார். மிளகுக் கிட்டங்கி மாடியில் அறை எடுத்திருந்த சங்கரன்கோவில் ஜோசியர் நல்லசிவம், அமாவாசை நிறைந்த நாள், நம்ம ஊரில் அன்றைக்குத்தானே கடையே திறப்பார்கள் என்றார். மலைக்கு இந்தப் பக்கம் குறையாக இருந்த பிள்ளை அந்தப் பக்கம் நிறையாக இருந்தது. இதில் ஜோசியர்கள் இருவருக்கும் சண்டை ஒன்றும் இல்லை. "சூரியன் தகப்பன், சந்திரன் தாய்" என்றார் நல்லசிவம். "ரெண்டும் மேஷத்துல ஒரே பாகையில உக்காந்திருக்கு. அங்க சூரியன் உச்சம் வேற. சந்திரன் எங்கயும் போகல வே, வெளிச்சத்துல தெரியல, அவ்வளவுதான். பன்னிரண்டு பாகை தள்ளி நில்லும், பிறை தெரியும்." பூமியில் ஒரு பாகைக்கு எத்தனை அடி என்பது அவருக்கும் தெரியவில்லை. பிச்சைமணி கெட்டவன் அல்ல. வாசல், எதிர்க்கடைப் படி, படகுத்துறை என்று தள்ளித் தள்ளி நின்று பார்த்தான். படகுத்துறையில் நின்றபோது மனைவி நன்றாகவே தெரிந்தாள், தோசைதான் கருகியது.

இப்படியே மூன்று வருஷம் ஓடியது. பாண்டிச்செல்விக்கு எல்லாம் பழகிவிட்டது. கண்ணாடி பார்ப்பதற்குக்கூட அவன் வெளியே போகும் வேளையை ஒதுக்கிவைத்திருந்தாள். பழகாதது ஒன்றே ஒன்று. அப்பாவின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதும் மகள் அம்மாவைப் பார்த்து டாட்டா காட்டினாள். அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. கடைசிப் படகுக்குக் கை காட்டுகிற மாதிரி காட்டிவிட்டு விளையாடப் போய்விடுவாள். மழலையர் பள்ளியில் சேர்க்க இருவருமாகப் போனார்கள். ஜஸ்னா டீச்சர், "அம்மை எவிடெ மோளே?" என்று கேட்டார். "அச்சன் வந்தா அம்மா போகும்" என்றாள் குழந்தை, மழை வந்தால் துணி எடுக்க வேண்டும் என்பதுபோல. பாண்டிச்செல்வி அவள் தலையில் கைவைத்தபடி அங்கேதான் நின்றிருந்தாள். இருவரும் சேர்ந்து வந்தால்தான் சேர்க்கை என்று சொல்லி டீச்சர் பிச்சைமணியை இரக்கத்தோடு பார்த்தார்.

அன்று சாயங்காலமே பாண்டிச்செல்வி தனியாகக் கிட்டங்கி மாடி ஏறினாள். "தள்ளி நிக்கதெல்லாம் நின்னாச்சு அண்ணாச்சி. எம்புள்ள என்னய வழியனுப்பப் படிச்சிட்டா. இன்னும் கொஞ்ச நாள்ல திரும்பிக்கூடப் பாக்க மாட்டா. அந்தக் கட்டத்துல வேற என்னதான் இருக்கு?"

நல்லசிவம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "ராகு இருக்கான் தாயி. அன்னைக்குக் கிரகணம்லா."

"கிரகணம்னா?"

"சந்திரன் பக்கத்துல நின்னா அது மறையும். குறுக்க வந்து நின்னா சூரியன் மறையும்."

"இத மொதல்லயே சொல்லுறதுக்கு என்ன?"

"வந்து கேட்டது உம் புருசன்லா. அவருக்கு எதுக்கு இது?"

மறுநாள் காலை, கூட்டம் நிறைந்திருந்த வேளையில், பிச்சைமணிக்கும் தோசைக்கல்லுக்கும் நடுவே இருந்த இடத்தில் கரண்டியோடு அவள் நுழைந்தாள். "நவுருங்க" என்ற குரல் மட்டும் கேட்டது. "எங்கட்டி நவுர? பின்னால செவரு" என்றான். "அங்கதான்" என்றாள். அவன் சுவரோடு ஒட்டினான். கடைக்குள் வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு ஈயம் பூசியதுபோல் ஆனது. பிச்சைமணி மறைந்தான். அவன் இருந்த இடத்தில் கன்னங்கரேலென்று ஒரு பெண் நின்று மாவு ஊற்றினாள். அவளைச் சுற்றி, தலை முதல் கால் வரை, அறுபடாமல் பொன்னில் ஒரு வளையம் ஓடியது. கல்லாப்பெட்டி அருகே உட்கார்ந்திருந்த அமுதவள்ளி வழக்கப்படி கையைத் தூக்கினாள். தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தாள். "சுத்தி அப்பா, நடுவுல அம்மா" என்றாள். பிறகு அந்தக் கையை நீட்டி ஒரு தோசை கேட்டாள்.

ஜஸ்னா டீச்சர் பழைய எக்ஸ்ரே பிலிம் ஒன்றைக் கண்ணில் பிடித்தபடி வந்து இருவரையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, குழந்தையைச் சேர்த்துக்கொண்டார். கிரகண வேளையில் சாப்பிடலாமா என்று தமிழ்க்காரர்கள் தயங்கியதால், பாண்டிச்செல்வி தினமும் காலையில் மாவுப் பாத்திரத்தில் ஒரு தர்ப்பைப் புல்லைக் கிள்ளிப் போட்டுவைத்தாள். முஹம்மது முதல் நாள் தட்டை மூடிவைத்துவிட்டுப் போய்க் கிரகணத் தொழுகை தொழுதார். பிறகு பள்ளிவாசல் உஸ்தாதிடம் விசாரித்தார். வானத்தில் வருவதற்குத் தொழுதால் போதும், கடையில் வருவதற்கு வேண்டியதில்லை என்று பதில் வந்தது. பிச்சைமணி சுவரோரம் நின்றபடியே வெங்காயம் நறுக்கக் கற்றுக்கொண்டான். படகுத்துறைக் காகங்கள்தான் கொஞ்ச காலம் காலைப் பலகார நேரத்தில் பொழுது சாய்ந்ததென்று எண்ணி மரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. பிறகு அவையும் பழகிக்கொண்டன.