இடது காதுக்கு ஒரு கொடி

1.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு காதைப் பார்த்ததில் தொடங்கியது. காரைக்குடியில் என் மனைவியின் தோட்டுக்குக் கொக்கி மாற்றப் போயிருந்தேன். தோட்டைச் செய்துகொடுத்த இன்ஷாவின் மேசையில், தூரிகைகளுக்கும் பசை டப்பாவுக்கும் நடுவே, கிளேயில் செய்த ஒரு மனிதக் காது கிடந்தது. "இது யாரு காதும்மா?" என்றேன். அவள் சொன்னது பாதி, நான் சேர்த்தது பாதி. பெயர்களை மாற்றியிருக்கிறேன், இன்ஷாவின் பெயர் உட்பட.

2.

முதலில் எழுதிய தொடக்கம்: கணவன் ஷாகிர் துபாய்க்குப் போன பிறகு இன்ஷாவுக்குப் பொழுது போகவில்லை, அதனால்தான்

அடித்துவிட்டேன். பொழுது போகாதவள், பத்து டிகிரி கூடினால் வெள்ளை நிறம் பழுப்பாகிவிடும் என்று அடுப்புக்குள் தனியாக ஒரு தெர்மாமீட்டர் வைத்திருக்க மாட்டாள்.

[தெரியாதவர்களுக்கு: பாலிமர் கிளே பெயரில்தான் மண், உண்மையில் ஒருவகை பிளாஸ்டிக். சப்பாத்தி மாவைப் போலப் பிசைந்து, உருவம் செய்து, சின்ன மின்சார அடுப்பில் சுட்டால் இறுகிவிடும். அப்புறம் வண்ணம். நகையாகக் கழுத்து நிறையப் போட்டாலும் கனம் தெரியாது.]

3.

வைகாசியில் கல்யாணம். அரியக்குடியிலிருந்து யோகலட்சுமி தன் மகள் சௌபர்ணிகாவை அழைத்துக்கொண்டு, கல்யாண நகை செய்யச் சொல்ல இன்ஷாவிடம் வந்தாள். சௌபர்ணிகாவுக்குப் பிறந்ததிலிருந்தே வலது காது கேட்காது. இடது காதில் மிஷின் வைத்தால் நன்றாகக் கேட்கும். மாப்பிள்ளை முகேஷுக்கு இதெல்லாம் முதல்நாளிலிருந்தே தெரியும்.

"மாப்பிள்ளைக்குத் தெரியட்டும். மண்டபத்துக்கு வாரவுக அத்தனை பேருக்கும் எதுக்குத் தெரியணும்?" என்றாள் யோகலட்சுமி. "காதையே மூடுற மாதிரி பெரிசா ஒரு பூ செஞ்சு குடு இன்ஷா. தங்கத்துல செஞ்சா காது அறுந்துரும். உன்னோடதுல கனமே இல்லையே."

இன்ஷா செய்தாள். அரக்கு நிறத்தில் பதினாறு இதழ்கள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் மயிரிழைத் தூரிகையால் இழுத்த பொன் கோடு. அவள் கையிலிருந்து அதுவரை வந்தவற்றில் அதுதான் அழகு. சௌபர்ணிகாவின் காதில் மாட்டிப் பார்த்தார்கள்.

கீ என்று மிஷின் அலறியது. பொத்தினால் அது அப்படித்தான் கத்துமாம்.

யோகலட்சுமி இன்ஷாவின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்கு ஒருநாள் மட்டும் அதை அமத்தி வச்சுட்டா? சத்தம் வராதுல்ல?"

பூ மூடியிருந்ததில் சௌபர்ணிகாவுக்கு அது கேட்டிருக்காது. ஆனால் அவள் அம்மாவின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கல்யாணத்துல எனக்கு ஒண்ணும் கேக்க வேணாமாம்மா?"

4.

இந்த இடத்தில் யோகலட்சுமியைக் கெட்டவளாக்கிவிட எனக்கு வசதியாக இருந்தது. அவள் முகம் கல்லாக இறுகியது என்றுகூட எழுதி, இன்ஷாவிடம் படித்துக் காட்டினேன்.

"அப்பிடி எழுதாதீக சார்," என்றாள். "மூணு வயசுலருந்து அந்தப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு மதுரைக்கும் இங்குட்டுமா அலைஞ்சவுக அவுக. ஊரு பேசுனதையெல்லாம் அந்தக்கா கேட்டிருக்காக. பிள்ளை கேக்காமப் பாத்துக்கிட்டாக."

கல்லை எடுத்துவிட்டேன். யோகலட்சுமி மகளின் காதிலிருந்து பூவைக் கழற்றி மேசையில் வைத்தாள், அவ்வளவுதான். கிளம்பும்போது, "நெத்திச்சுட்டி எல்லாம் முடிஞ்சதும் வாரேன். பூவையும் சேத்து வச்சிரு," என்று மட்டும் சொன்னாள்.

5.

யாரும் சொல்லாமலே இன்ஷா இன்னொரு வேலையில் இறங்கினாள். பழுதாகிப்போன பழைய மிஷின் இருந்தால் கொண்டுவரச் சொல்ல, சௌபர்ணிகா மறுநாளே ஸ்கூட்டியில் வந்து கொடுத்தாள். ஒட்டாமலிருக்க அதில் பவுடர் தூவி, சுடாத கிளேயில் அழுத்தி, அச்சு எடுத்தாள் இன்ஷா. அச்சிலிருந்து ஒரு போலி மிஷின் செய்தாள். சௌபர்ணிகாவின் காதைப் பார்த்துப் பார்த்து ஒரு காதும் செய்தாள். நான் மேசையில் பார்த்தது அதைத்தான்.

பிறகு அந்தக் காதில் போலி மிஷினை வைத்து, அதன்மேல் ஒரு கொடியைப் படரவிட்டாள். முதல் கொடியின் இலை மிஷினின் ஒலித்துளையை மூடிவிட்டது. இரண்டாவது அடுப்பில் விரிசல் விட்டது. மூன்றாவதில் இரண்டு இலைகளுக்கு இடையே இடம் விட்டாள். காதின் பின்புறமிருந்து மிஷினைத் தழுவி ஏறி, மடலில் சின்ன மாங்காயாகத் தொங்கியது கொடி. மிஷின் மறையவில்லை. பார்க்கிறவர் கண் நேரே அங்கேதான் போகும்.

(கற்பனை செய்பவன் நான் என்று பெயர். மிஷினே நகையாகலாம் என்பது எனக்குத் தோன்றியிருக்காது.)

போட்டுப் பார்க்கச் சௌபர்ணிகா வந்தாள். கொடியை மாட்டி அவளைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு இன்ஷா அடுப்படிக்குள் போய், முதுகைக் காட்டி நின்று, மெதுவாகக் கேட்டாள்.

"டீக்கு எத்தனை கரண்டி சீனி?"

"ஒண்ணரை போதுங்க்கா," என்று கூடத்திலிருந்து பதில் வந்தது.

இன்ஷா கண்களைத் துடைத்துக்கொண்டாள். [இது நான் சேர்த்தது. உண்மையில் சீனி டப்பாவைத் தவறவிட்டாளாம். டீயில் மூன்று கரண்டி விழுந்துவிட்டதாம்.]

6.

யோகலட்சுமி நகை வாங்க வந்த அன்று, பெட்டியில் பூவும் இருந்தது, கொடியும் இருந்தது.

"யக்கா, நீங்க சொன்னதும் இருக்கு. நானாச் செஞ்சதும் இருக்கு. கோவிச்சுக்காதீக."

யோகலட்சுமி கொடியை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். "இதைப் போட்டா எல்லாரும் அங்கதானே பாப்பாக?"

"பாப்பாகக்கா. அம்புட்டு அழகுன்னு பாப்பாக."

யோகலட்சுமி இரண்டையும் பெட்டியில் வைத்து மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

7.

இதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் யோகலட்சுமி அழுதுகொண்டே தன் கையால் கொடியை மாட்டிவிடுகிறாள். அழகான முடிவு, அதனாலேயே எனக்கு அதன்மேல் சந்தேகம். இன்னொன்றில் சௌபர்ணிகா நீளமாகப் பேசுகிறாள்; டீக்கு ஒண்ணரை கரண்டி என்று சொல்பவள் அப்படிப் பேசமாட்டாள். மூன்றாவதில் மண்டபம் நிறையச் சொந்தக்காரர்கள், சௌபர்ணிகா தலை குனிந்து, மிஷினை

வேண்டாம். அதை எழுதக் கை வரவில்லை.

இன்ஷாவும் கல்யாணத்துக்குப் போகவில்லை. அன்று வேறொரு பெண்ணின் நெக்லஸ் அடுப்பில் இருந்தது. நான்கு நாள் கழித்துச் சௌபர்ணிகாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. இன்ஷா எனக்குக் காட்டினாள்.

மணவறை. எடுத்தவர் சௌபர்ணிகாவின் வலப்பக்கம் நின்று எடுத்திருக்கிறார். வலது காதில் ஜிமிக்கி தெரிகிறது. இடது காது அந்தப் பக்கம். அதற்கும் அப்பால் முகேஷ் சாய்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"எதைப் போட்டுக்கிட்டாள்னு கேட்டியாம்மா?"

"கேக்கல சார். நீங்களே பாருங்க."

படத்தை விரலால் பெரிதாக்கினேன். அவன் சொல்வதற்குச் சௌபர்ணிகா சிரிக்கிறாள், இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு. மூடிய கண்ணால் யாரும் உதட்டைப் படிக்க முடியாது.

நான் எழுதுவது இத்துடன் சரி. அந்தப் பக்கத்துக் காதில் என்ன இருந்தது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.