லிஃப்ட் நோட்டீஸுக்கு நூறு

அந்தப் பெண் என் மேசை முன்னால் வந்து நின்றபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. நர்சிங் கடைசி வருடம். அவளுடைய நான்கு பக்கக் கட்டுரைக்கும் நூலகத்திலிருந்த தடித்த ஆய்வேடு ஒன்றுக்கும் தொண்ணூற்றாறு சதவீதம் ஒற்றுமை என்று, காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் என் புரோகிராம் சொல்லியிருந்தது. பதினோரு மணிக்குக் கூட்டம். அவளைக் கல்லூரியை விட்டு நீக்கப்போகிறார்கள்.

"அக்கா, அந்தப் புத்தகத்த நான் கண்ணால கூடப் பாத்ததில்ல" என்றாள். அழவில்லை. அதுதான் என்னை உறுத்தியது.

புரோகிராமின் வேலை எளிமையானது. இரண்டு எழுத்து வரிசைகளை மேலும் கீழுமாக வைத்துப் பொருத்தும். பொருந்தினால் மதிப்பெண், பொருத்துவதற்காக நடுவே இடைவெளி விட்டால், ஒவ்வொன்றுக்கும் அபராதம். கடைசியில் சின்னத் தாளின் நீளத்துக்குச் சதவீதம் போடும். நானே எழுதியது. யாராவது சந்தேகப்பட்ட தாளை மட்டும்தான் அதில் போடுவோம். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அவள் வாயை அடைக்கலாம் என்றுதான், கதவில் ஒட்டியிருந்த லிஃப்ட் பழுது நோட்டீஸை டைப் செய்து அதே ஆய்வேட்டோடு ஒப்பிட்டேன். நூறு வந்தது.

புரோகிராமை உள்ளே திறந்து பார்த்தேன். இடைவெளி அபராதம் பூஜ்யம். இரண்டு வருடத்துக்கு முன் சோதனைக்காக நானே பூஜ்யமாக்கியிருந்தேன், திரும்பப் போட மறந்துவிட்டேன். அபராதம் இல்லாவிட்டால், இங்கொன்றும் அங்கொன்றுமாக எழுத்துப் பொறுக்கியே எந்தத் தாளையும் ஒரு தடித்த புத்தகத்துக்குள் கண்டுபிடித்துவிடலாம். சரிசெய்து ஓட்டினேன். அவளுக்கு ஒன்பது சதவீதம்.

கூட்டத்துக்கு முன்பே பதிவாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். இந்தப் பெண்ணைச் சத்தமில்லாமல் விட்டுவிடலாம், பிழையை வெளியே சொல்ல வேண்டாம் என்றார்.

"சொன்னா, போன வருஷம் இதே புரோகிராம வச்சு ஒரு பொண்ண வெளிய அனுப்பினோமே, அது என்னாகும்?"

"அதத்தான் சார் நானும் கேக்கறேன்."

கூட்டத்தில் எழுந்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். கூட்டக் குறிப்பில் எழுதும்வரை உட்காரவில்லை. பிறகு பழைய கோப்பைத் தேடி எடுத்து, போன வருடம் நீக்கிய பெண்ணின் வீட்டு நம்பரை அழைத்தேன். அப்பா எடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவ அழுது அழுது சொன்னாம்மா. நான்தான் நம்பல." என்றார். "நீங்களே வந்து அவகிட்ட சொல்லுங்க. எங்கிட்ட அவ இப்ப பேசறதில்ல."

இன்றைக்கே வருகிறேன் என்றேன். லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை. காகிதங்களைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன்.