மூணாம் அறையின் பச்சை விளக்கு

"மூணாம் அறையைத் திறங்க, சி லஸ்ஹர்."

எதை வேண்டுமானாலும் கேள், அந்த அறையை மட்டும் கேட்காதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மப்ரூக்கா கேட்டுவிட்டாள்.

பேரீச்சம்பழக் கிடங்கின் முதலாளி சி லஸ்ஹர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அங்க என்ன வேலை உனக்கு?"

"அங்க இருக்கிற கம்ப்யூட்டர் கார்டையும் காஸ் சென்சாரையும் கழட்டிப் புது அறையில மாட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க? வேலை செய்யுதான்னு பார்க்காம எப்படி மாட்டுறது?"

"கபேஸ் காலேஜுக்குப் போய்ப் படிச்சுட்டு வந்தா வாய் இப்படித்தான் நீளும் போல."

"நீளத்தான் செய்யும்."

புழுவைக் கொல்லப் பழத்துக்கு வைக்கும் காஸ் ஆளையும் கொல்லும். அது வெளியேறிவிட்டது என்று சென்சார் சொன்னால் கம்ப்யூட்டர் பச்சை விளக்கைப் போட்டுப் பூட்டைத் திறந்துவிடும். பிறகு தரம் பிரிக்கும் பெண்கள் உள்ளே போவார்கள். முதல் ஆள் அம்மா. அதனால்தான் மப்ரூக்கா புதுசு வாங்கச் சொன்னாள். லாரிக்கு ரெண்டு டயர் வாங்குகிற காசு. பழசு சும்மா கிடக்கும்போது புதுசு எதற்கு என்றார் சி லஸ்ஹர்.

மூணாம் அறையில்தான் சில வருஷத்துக்கு முன்னால் கூலியாள் பெல்காசெம் செத்து விழுந்தான். மாரடைப்பு என்றார்கள். மறுநாள் பூட்டிய அறை, அப்புறம் அதில் காஸ் வைக்கவே இல்லை.

சாவி திரும்பியது. வெளி அறையில் தூசி மூடிய கம்ப்யூட்டரை அவள் போட்டாள். அது முனகிக்கொண்டே எழுந்தது. உள்கதவுக்கு மேலே பச்சை எரிந்தது. யாரும் தொடாமலே பூட்டு கடக்கென்று விலகியது. திரையில் காஸ் அளவு பூஜ்யம், கீழே எழுத்து: உள்ளே வரலாம்.

"பாத்தியா மகளே, கல்லு மாதிரி இருக்கு."

அவள் உள்ளே போனாள். பூண்டு நாற்றம் அடித்தது போலிருந்தது. அந்தக் காஸின் நாற்றம். இத்தனை வருஷம் கழித்து அது இருக்க வழியே இல்லை. ஆனாலும் கழுத்து மயிர் சிலிர்த்தது.

சுவரில் சென்சார் இருந்தது. அதிலிருந்து வந்த ஒயர் பாதியில் அறுந்து தொங்கியது. நுனியைத் தொட்டாள். செம்பு கறுத்து, சாம்பல் மாதிரி விரலில் உதிர்ந்தது. செம்பை இப்படித் தின்பது அந்தக் காஸ்தான். பெல்காசெமுக்கு அப்புறம் இங்கே காஸே வைக்கவில்லை என்றால், தின்றது அதற்கு முன்னாலே.

திரும்பிப் பார்த்தாள். திரையில் இன்னும் பூஜ்யம். காஸ் இல்லையென்றாலும் பூஜ்யம், ஒயர் அறுந்தாலும் பூஜ்யம். இந்த மலிவுக் கார்டுக்கு ரெண்டும் ஒன்று. அறுந்துபோன நாக்கோடு அறை கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. உள்ளே வரலாம். உள்ளே வரலாம்.

சி லஸ்ஹர் நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்றார். சட்டைக் கையால் மூக்கைப் பொத்தியிருந்தார்.

"உள்ள வாங்க," என்றாள்.

"எதுக்கு?"

"பச்சைதானே எரியுது. கல்லு மாதிரி இருக்குன்னீங்களே."

அவர் கால் அசையவில்லை. பச்சை வெளிச்சம் அவர் நெற்றியில் விழுந்தது. அந்த முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"தெரிஞ்சேதான் இதை எங்கம்மா தலைக்கு மேல மாட்டச் சொன்னீங்க."

"உன் வீட்டுக்கு இங்கிருந்துதான் ரெண்டு சம்பளம் வருது. அதை யோசிச்சுப் பேசு."

அவள் யோசிக்கவில்லை. கறுத்த ஒயரை ஒரு முழம் வெட்டி, கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டாள். அவரைத் தாண்டி நடந்தாள். கூடத்தில் பெண்களின் கைகள் பழத்தின் மேல் அப்படியே நின்றன. அம்மா முகம் வெளுத்திருந்தது.

"திறக்கச் சொன்னியா?"

"ஆமாம்மா. புது அறையில யார் எதை மாட்டினாலும் சரி, பச்சையைப் பார்த்து ஒருத்தரும் உள்ள போகாதீங்க. பெல்காசெமுக்கு மாரடைப்பு இல்ல."

பெல்காசெமின் மனைவி வீடு பள்ளிவாசலைத் தாண்டி இரண்டாவது சந்து. முதலில் அங்கே, அப்புறம் அவளையும் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு. மப்ரூக்கா வெயிலில் இறங்கினாள்.