கட்டம் போட்ட சட்டை

சந்தையின் கடைசி வரிசையில் புருஷனும் பெண்டாட்டியுமாகப் பழைய துணி விற்றார்கள். மூட்டையை அவிழ்த்துத் துணிகளைப் பிரித்துத் தொங்கவிடுவது அவள் வேலை. கோடு ஒரு கம்பியில், கட்டம் ஒரு கம்பியில். பூப்போட்டது, புள்ளி வைத்தது, அகலப் பட்டை போட்டது எல்லாம் தனித்தனி. சாயம் ஓடித் திட்டுத்திட்டாகிப் போனவை கோணிப்பைக்குள். அவள் புருஷனுக்கு இந்த வித்தியாசம் எதுவும் மண்டையில் ஏறாது. அவரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே சட்டைதான்: வெள்ளைச் சட்டை, கலர் சட்டை. பக்கத்துக் கடைக்காரர்கள் அவரைக் 'கலர்காரர்' என்றே கூப்பிட்டார்கள்.

அன்று மதியம் ஒருவன் வந்து தோல் கோட்டு ஒன்றைத் தடவித் தடவிப் பார்த்தான். போட்டுப் பார்க்கக் கண்ணாடி கேட்டான். கலர்காரர் கண்ணாடியை எடுக்கத் திரும்பியதும் கோட்டைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினான். அவர் நாலே எட்டில் போய் அவன் காலரைப் பிடித்துவிட்டார்.

"விடு பெரியவரே."

"கோட்டைக் கீழ வை. விடுறேன்."

கத்தி உள்ளே போனதை அவள் பார்க்கவில்லை. வெளியே வந்ததைத்தான் பார்த்தாள். கலர்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஏதோ மறந்துபோனவர் மாதிரி மெல்ல உட்கார்ந்தார்.

அவள் கையில் அகப்பட்ட துணிகளை அள்ளி அவர் வயிற்றில் வைத்து அழுத்தினாள். எதிர்க் கடையில் செருப்பு விற்றுக்கொண்டிருந்த கொழுந்தன், ஷட்டர் இழுக்கிற இரும்புக் கம்பியோடு ஓடி வந்தான்.

"ஆள் எப்படி இருந்தான், அண்ணி?"

"கட்டம் போட்ட சட்டை. கலர் கலரா கட்டம். ஓடு, விடாதே."

அவன் கத்திக்கொண்டே ஓடினான். கட்டம் போட்ட சட்டை என்ற சொல் கடைக்குக் கடை தாவி, அவனுக்கு முன்னால் சந்தை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது.

கலர்காரரைக் காய்கறி வேனில் தூக்கிப் போட்டார்கள். அவள் கூடவே ஏறி அழுத்திப் பிடித்தாள். விரல் இடுக்கில் ரத்தம் சூடாக வழிந்தது. வாசலுக்குப் பக்கத்தில் வேன் நின்றுவிட்டது. டிரைவர் ஹாரனை அமுக்கினார், யாரும் அசையவில்லை.

"முன்னாடி கூட்டம்மா. யாரையோ போட்டு அடிக்கிறாங்க."

வேனில் ஏறியிருந்த டீக்கடைக்காரரைத் துணியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு அவள் குதித்தாள். இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். தரையில் ஒருவர் சுருண்டு கிடந்தார். ஆளாளுக்கு மிதித்தார்கள். அவர் பல் ஒன்று யாருடைய செருப்பிலோ ஒட்டியிருந்தது. முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முகம் மிச்சமில்லை. சட்டை மட்டும் தெரிந்தது. நீலமும் மஞ்சளுமாகப் பொடிக் கட்டம்.

அப்போதுதான் அவளுக்குக் கத்தி பிடித்த கை கண் முன்னால் வந்தது. தோளிலிருந்து நேராக இறங்கிய சிவப்பு, பச்சை, மஞ்சள். குறுக்கே ஒரு கோடுகூட இல்லை.

"இவர் இல்ல. தம்பி, நிறுத்து. இவர் இல்ல."

கொழுந்தன் மூச்சு வாங்கினான். "நீங்கதானே கட்டம்னு சொன்னீங்க."

"வாய் தவறிச் சொல்லிட்டேன். அது கோடு. கோடு போட்ட சட்டை."

"கோடாவது கட்டமாவது," என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். கொழுந்தன் கம்பியை மறுபடி ஓங்கினான். அவன் கண்ணில் அண்ணியும் இல்லை, அண்ணனும் இல்லை.

பக்கத்துத் தள்ளுவண்டியில் எடைக்கல் இருந்தது. அவள் அதை எடுத்து அவன் முழங்கையில் ஓங்கி இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் அவள் காதுக்கே கேட்டது. கம்பி விழுந்தது. அவன் அலறிக்கொண்டு மண்டியிட்டான். அவள் கீழே கிடந்தவர் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். யாரோ விட்ட உதை அவள் விலாவில் இறங்கியது. இன்னொரு உதை. பிறகு அதுவும் நின்றது.

"இவரையும் வண்டியில ஏத்துங்க," என்றாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர, யாரும் முன்னால் வரவில்லை. டிரைவரும் அவளும்தான் தூக்கினார்கள். ஒரே வேனில் இரண்டு பேரும் தோளோடு தோள் இடிக்கக் கிடந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

கலர்காரர் குடலில் ஒரு துண்டைக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டார். அடிபட்டவர் அடுப்பு ரிப்பேர்காரர். பர்னர் வாங்கச் சந்தைக்கு வந்தவர். அவருக்கு இடது கண் போய்விட்டது.

இன்ஸ்பெக்டர் விசாரிக்க வந்தபோது கலர்காரர் படுத்தபடியே, "புள்ளி போட்ட சட்டை சார்," என்றார்.

"ஆளுக்கு ஒரு டிசைன் சொல்றீங்க," என்று இன்ஸ்பெக்டர் சலித்துக்கொண்டார். குத்தியவன் அதற்குள் பிடிபட்டிருந்தான், அதே சட்டையோடு. கோடுதான். "அதை விடுங்க. ரிப்பேர்காரரை அடிச்சது யாரு?"

சேதி கேட்டு ஓடி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் அவள் தொடையைக் கிள்ளினாள். "கூட்டம்னு சொல்லு. கூட்டத்துல யாருன்னு கண்டோம்."

அவள் விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"கட்டம்னு கத்தினது நான். கம்பியால அடிச்சது என் கொழுந்தன். அவன் கையை உடைச்சதும் நான்தான். மிதிச்சவங்கள்ல நாலஞ்சு பேரை எனக்குத் தெரியும் சார், எல்லாம் எங்க வரிசைக் கடைக்காரங்கதான். எழுதிக்கோங்க."

மாமியார் அவளைப் பார்க்கவே இல்லை. முந்தானையை உதறிக்கொண்டு சின்ன மகன் இருந்த வார்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவளோடு பேசியவர் கலர்காரர் ஒருவர்தான். அதுவும் தண்ணீர் கேட்கவும் வலிக்கிறது என்று சொல்லவும்.

விலாவில் கட்டோடு அவள் ஆஸ்பத்திரியின் மேல் மாடிக்கு ஏறிப் போனாள். ரிப்பேர்காரர் முகத்தில் ஒரு கண்ணும் வாயும்தான் வெளியே தெரிந்தன. அவர் மனைவி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் அன்னிக்குக் கத்தினது," என்றாள் இவள்.

கரண்டி அந்தரத்தில் நின்றது. ரிப்பேர்காரர் ஒற்றைக் கண்ணை இவள் பக்கம் திருப்பினார்.

"எதுக்கும்மா கட்டம்னு சொன்னீங்க?"

"வாயில அதுதான் வந்துச்சுங்க," என்றாள்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் இவள் நினைத்தாள், நகராமல் நின்றாள்.

"இப்போ போங்க," என்றாள் அந்த அம்மா. "நாளைக்கு மத்தியானம் நான் வேலைக்குப் போகணும். இவர் பக்கத்துல ஆள் இல்ல. வந்து உட்காருங்க."