இருபத்தைந்தாம் தேதி வராத வீடு

இயேசு கிறிஸ்து டிசம்பர் இருபத்தைந்தாம் தேதி பிறக்கவில்லை என்பதை உலகத்திலேயே முதன்முதலாக ஐயம்திரிபறக் கண்டுபிடித்தவர், பினாங்கு சுங்கை பினாங் அடுக்குமாடி ஒன்றின் பத்தாவது மாடியில் வசிக்கும் நாதன் அவர்கள். அந்தக் கண்டுபிடிப்பு வெளியான வருஷத்திலிருந்து அவர் வீட்டுக்கு இருபத்தைந்தாம் தேதி வருவதில்லை. இருபத்துநான்கு வரும், இருபத்தாறு வரும், நடுவில் உள்ளது மட்டும் வராது. மற்ற வீடுகளுக்கெல்லாம் அது ஒழுங்காக வந்துபோனது. ஒன்பதாவது மாடியில் யாருக்கும் புகார் இல்லை.

நாதன் துறைமுகத்தில் கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவர். எந்தக் கப்பல் எந்த நாள் வந்தது என்று பதிவதே அவர் வேலை. வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல் வந்ததாகாது, கரையில் கயிறு கட்டினால்தான் வந்தது என்பது அவர் கொள்கை. இதற்காக மேலதிகாரிகள் பலரோடு சண்டை போட்டிருக்கிறார். அவர்கள் எல்லாரும் மாற்றலாகிப் போனார்கள், கொள்கை அங்கேயே இருந்தது. அவர் மனைவி தெரேசா இறந்தது ஒரு டிசம்பர் மாதத் தொடக்கத்தில். வாசலில் காகித ஸ்டாரை மாட்டி, உள்ளே பல்பைப் போட்டுவிட்டு, ஸ்டூலை மடித்து வைத்தவர், "நெஞ்சு ஒரு மாதிரி இருக்குங்க" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. அடக்கம் முடிந்து வந்தபோதும் ஸ்டார் எரிந்துகொண்டிருந்தது. சுவிட்சை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. பல மதத்துக்காரர்கள் கலந்திருக்கும் அடுக்குமாடியில் கேரல் பாட வரும் பிள்ளைகளுக்கு ஸ்டார்தான் அடையாளம். ஆகவே மறுநாள் சாயங்காலம் அவர்கள் கித்தாரும் பஞ்சுத் தாடித் தாத்தாவுமாக வந்து, கூடத்தில் மாலை போட்ட படம் இருப்பதைக் கவனிக்காமல் ஒரு பாட்டை முழுசாகப் பாடி முடித்தார்கள். நாதன் எல்லாருக்கும் ஆரஞ்சுத் தண்ணீர் கலந்து கொடுத்தார். அவர்கள் போனதும் ஸ்டாரைக் கழற்றி அலமாரிக்கு மேலே போட்டார். அந்த வாரமே, இயேசு உண்மையில் எப்போது பிறந்தார் என்று ஆராயத் தொடங்கினார். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டவர்களிடம், ஆராய்ச்சி வேறு, வீட்டு விஷயம் வேறு என்று கோபித்துக்கொண்டார்.

ஆராய்ச்சி ஒரு வருஷம் நடந்தது. இயேசு பிறந்த அன்று இடையர்கள் வயல்வெளியில் இரவெல்லாம் காவல் காத்ததாகப் பைபிளில் லூக்கா எழுதியிருக்கிறார். பெத்லகேமில் டிசம்பர் என்றால் குளிர். பினாங்கில் ஏர்கோன் போட்டாலே தும்முகிற நாதனுக்கு இந்த ஒரு சாட்சியே போதும். இருந்தாலும், அப்போது நடந்ததாக எழுதியிருக்கும் குடிக்கணக்கைக் காட்டி, அந்தக் குளிரில் எந்த அரசாங்கம் ஊர் ஊராக மக்களை நடக்கவைத்துக் கணக்கெடுக்கும் என்றும் கேட்டார். இயேசுவின் அம்மாவுக்கு உறவான குரு செக்கரியா ஆலயத்தில் தம் முறைக்கு ஊழியம் செய்த காலத்திலிருந்து மாதங்களைக் கூட்டிச் செப்டம்பரில் கொண்டுவந்து கயிறு கட்டினார். கண்டுபிடிப்பைத் தூக்கிக்கொண்டு ஃபாதரிடம் போனபோது ஃபாதர், "அன்னைக்குத்தான் பொறந்தார்னு சர்ச் சொல்லலையே நாதன். அன்னைக்குக் கொண்டாடுறோம், அவ்வளவுதான்" என்று சொல்லிக் காப்பியும் பிஸ்கட்டும் கொடுத்தார். உயிரோடு கொளுத்தினாலும் சரி என்று மனத்தைத் தயார்செய்துகொண்டு போனவரைப் பிஸ்கட் கொடுத்து அனுப்பியது பெரிய அவமானம்.

அதனால் அறிவிப்பு, அடுக்குமாடிக்குக் கீழே ஜபருல்லாவின் தேத்தண்ணிக் கடையில் வெளியாயிற்று.

"நட்சத்திரம் கிழக்க தெரிஞ்சுச்சுன்னுதான் எழுதியிருக்கு. செருப்பு ராக்குக்கு மேல தெரிஞ்சுச்சுன்னு எங்கயும் எழுதல. பொறக்காத நாளுக்கு ஸ்டார் மாட்டுறவன் மடையன்."

ஜபருல்லா தேத்தண்ணியை உயரத் தூக்கி ஆற்றி இழுத்துக்கொண்டே, "அப்ப லீவு என்ன ஆவும்ணே?" என்றார்.

"எந்த லீவு?"

"கவர்மெண்டு லீவு லா. அதையும் செப்டம்பருக்கு மாத்தச் சொல்லுவீங்களா?"

நாதன் கொஞ்சம் யோசித்தார். "லீவு அங்கேயே இருக்கட்டும்."

அந்த டிசம்பரில்தான் முதல்தடவை. இருபத்துநான்காம் தேதி வழக்கம்போலப் படுத்தவர் இருபத்தாறாம் தேதி காலையில் எழுந்தார். மேசைமேல் வைத்த பால் கெடவில்லை. வெளியே நடந்தது வேறு. பக்கத்து வீட்டு லெட்சுமி, எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் சூப்பர்வைசர், இருபத்தைந்தாம் தேதி காலை கதவைத் திறந்து பார்த்தபோது அவள் வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் நடுவில் வெறும் சுவர். நாதன் வீட்டுக் கதவு, கிரில், செருப்பு ராக், மணி பிளாண்ட் தொட்டி எதுவும் இல்லை. அந்தச் சுவரிலும் மற்ற இடங்களைப் போலவே பெயிண்ட் உரிந்திருந்தது. காவலாளி ஐமான் மேலே வந்து தட்டிப் பார்த்து, விரிசல் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாதனின் ஒரே மகள் கிறிஸ்டல் சிங்கப்பூரில் நர்ஸ். அவள் வார்டில் ஓர் ஏற்பாடு உண்டு: தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் அவள் மற்றவர்களுக்காக வேலை பார்ப்பாள், கிறிஸ்மஸுக்கு அவளுக்காக அவர்கள் பார்ப்பார்கள். வருஷத்தில் அவள் ஊருக்கு வர முடிந்தது அந்த ஒருநாள்தான். செப்டம்பரில் இயேசு பிறந்துவிட்டார் என்று எழுதி லீவு கேட்க முடியாது. ஆகவே அவள் ராத்திரி பஸ் பிடித்து, இருபத்தைந்தாம் தேதி விடிகாலையில் கேக் டப்பாவோடு பத்தாவது மாடிக்கு வந்து, சுவருக்கு முன்னால் நின்றாள். கைபேசியில் அப்பா அகப்படவில்லை. லெட்சுமி உள்ளே கூப்பிட்டுத் தோசை ஊற்றிக் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து கிறிஸ்டல் சுவரில் காதை வைத்துப் பார்த்தாள். அப்பா ரிப்பேர் பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று விட்டுவைத்த கூரைக் காற்றாடி உள்ளே கடக் கடக் என்று சுற்றிக்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டே பஸ்ஸுக்கு நேரமாகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் லெட்சுமி கொண்டுவந்து கொடுத்த கேக்கை நாதன் வாங்கிக்கொண்டு, "நான் வீட்லதானே இருந்தேன்" என்றார். "நீங்க இருந்தீங்கண்ணே, வீடுதான் இல்ல" என்றாள் லெட்சுமி.

அடுத்த செப்டம்பரில் நாதன் தம் வீட்டில் கிறிஸ்மஸ் வைத்தார். கோழிக்கறி, அச்சு முறுக்கு, கடையில் வாங்கிய கேக், எல்லாம் முறையாக. லெட்சுமி வீட்டுக்குத் தட்டு கொண்டுபோனார்.

"என்ன விசேஷம்ணே?"

"இயேசு பொறந்திருக்கார்."

"இப்பவா? சொல்லவே இல்ல?"

வந்த தட்டை வெறுமனே திருப்பக் கூடாது என்பது அந்த மாடி வழக்கம். லெட்சுமி கழுவித் துடைத்து, ஒரு பிடி சீனி போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். வேறு யாரும் வரவில்லை. மழை பெய்தது. கோழிக்கறி நாலு நாள் வந்தது. கணக்கில் பிழை இருக்குமோ என்று மறுபடி பார்த்து, அடுத்த வருஷம் ஏப்ரலில் வைத்தார். ஏப்ரலிலும் இயேசு பிறந்தார், விருந்தாளி யாரும் இல்லை. டிசம்பரில் மட்டும், தூங்காமல் உட்கார்ந்து பார்த்தாலும் சரி, புக்கிட் மெர்தாஜாமில் தம்பி வீட்டில் போய்ப் படுத்தாலும் சரி, இமை மூடித் திறந்தால் இருபத்தாறு. தம்பி வீட்டில் அன்று முழுக்கப் பாயில் யாரும் இல்லை என்று பிறகு சொன்னார்கள். அதைப் பற்றி ஜபருல்லாவுக்கு ஒரு கருத்து இருந்தது. "அந்தத் தேதிக்கும் ரோஷம் இருக்கும்ல? வராதேன்னு நாலு பேரு முன்னால சொன்ன ஆளுகிட்ட எப்படிண்ணே வரும்?" நாதன் அதை விஞ்ஞானமாக ஏற்கவில்லை. கிறிஸ்டல் ஒவ்வொரு வருஷமும் வந்தாள், சுவரோரம் உட்கார்ந்தாள், போனாள்.

பிறகு ஒரு நவம்பரில் அவள் கூப்பிட்டாள்.

"அப்பா, எனக்கு அயர்லாந்துல வேலை கெடச்சிருக்கு. மூணு வருஷக் காண்ட்ராக்ட். நடுவுல வர முடியாது."

"நல்லதும்மா."

"கிறிஸ்மஸ் அன்னைக்கு வர்றேன். அன்னைக்கு ராத்திரியே ஃப்ளைட்."

"இருபத்தாறு வாயேன்."

"இருபத்தாறு நான் மேகத்துல இருப்பேன்ப்பா. இந்த வாட்டியும் சுவத்தத்தான் பாத்துட்டுப் போவணுமா?"

"நான் என்னம்மா பண்ண? தேதி தப்பு. தப்பான தேதிக்கு நான் பொறுப்பா?"

கிறிஸ்டல் கேட்டாள்: "இந்த வருஷமும் அம்மாவுக்கு கேக் வாங்கினீங்களா?"

"வாங்காம?"

தெரேசா பிறந்தது சிம்பாங் அம்பாட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், அடைமழைக் காலத்தில். மழை விட்டு, ரோடு காய்ந்து, அவர் அப்பா பிறப்பைப் பதியப் போனபோது பிள்ளை குப்புற விழத் தொடங்கியிருந்தது. எந்தத் தேதி என்று கேட்டதற்கு அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து அன்றைய தேதியையே சொல்லிவிட்டார். தெரேசாவின் அடையாளக்கார்டில் இருந்தது அதுதான். கல்யாணமான வருஷத்திலிருந்து நாதன் அந்தத் தேதியில் பட்டர் கேக் வாங்கி வந்தார். தெரேசா போனபிறகும் வாங்கி, படத்துக்கு முன்னால் ஒரு துண்டு வைத்தார்.

"அது அம்மா பொறந்த நாளே இல்லையேப்பா. தாத்தா பதியப் போன நாளு."

"தெரியும் லா."

"தெரிஞ்சும் ஏன் வாங்குறீங்க?"

"என்ன பேச்சு இது? நாளு தப்பா இருந்தா என்ன? உங்கம்மா பொறந்தது நெசந்தானே?"

இதைச் சொன்னது யார் வாய் என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. சிங்கப்பூரில் ஒரு பஸ் நின்று கிளம்புகிற சத்தம் கேட்டது. அடுப்பில் சோறு கிடக்கிறது என்று நாதன் கைபேசியை வைத்தார். அன்று அவர் சோறு வைக்கவில்லை.

இருபத்துநான்காம் தேதி சாயங்காலம் லெட்சுமி வேலை முடிந்து லிப்டிலிருந்து வெளியே வந்தபோது நாதன் ஸ்டூல்மேல் நின்றிருந்தார். கையில் காகித ஸ்டார். ஒரு முனை மடங்கியிருந்ததை டேப் போட்டு நிமிர்த்தியிருந்தார்.

"என்னண்ணே, ஸ்டாரா?"

"வயரு சரியா இருக்கான்னு பாக்குறேன். எலி கடிச்சிருக்கும்."

"மாட்டித்தான் பாக்கணுமா?"

"கீழ வெச்சுப் பாத்தா தெரியாது லா."

லெட்சுமி கைப்பையைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். வயர் சரியாக இருந்தது. கழற்றுவதற்கு அவர் மறந்துவிட்டார்.

விடிந்தபோது இருபத்தைந்து. ரொம்ப நாளாகப் பேச்சுவார்த்தை இல்லாத உறவுக்காரர் வந்ததைப் போல, சன்னல் வழியாகக் கொஞ்சம் கூச்சத்தோடு வந்தது. நாதனும் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை; எழுந்து முகம் கழுவினார். லிப்ட் திறந்தது. பெரிய பெட்டியோடு வந்த கிறிஸ்டல் முதலில் கதவைத்தான் தொட்டுப் பார்த்தாள், பிறகுதான் அப்பாவை. பகல் முழுக்கச் சாப்பிட்டார்கள். காற்றாடியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதை ரிப்பேர் பண்ணாதீங்கப்பா" என்றாள்.

"எல்லாம் சரிம்மா, ஆனாலும் செப்டம்பர்தான். இடையர்கள் எல்லாரும்..."

"சரிப்பா. கறிய ஊத்துங்க."

இருட்டுவதற்குள் அவள் போய்விட்டாள்.

அடுத்த டிசம்பரில் அந்த வீட்டுக்கு வருவதற்கு யாரும் இல்லை. நாதனின் கொள்கையிலும் மாற்றமில்லை. ஜபருல்லா கடையில் இடையர்களின் குளிரை எடுத்துவைத்துப் பேசினார். கேட்டவர்கள் ஏற்கெனவே கேட்டவர்கள். "அப்ப இந்த வருஷம் ஸ்டார் இல்லையாண்ணே?" என்றார் ஜபருல்லா. "மடையன்தான் மாட்டுவான்" என்று சொல்லி, தேத்தண்ணியை முடித்துவிட்டு மேலே போனார். லெட்சுமிக்கு அன்று இரண்டாவது ஷிப்ட். ஸ்டூலைப் பிடிக்க ஆளில்லாததால் ஒரு கையால் கிரில்லைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் மாட்டினார். அந்த வாரம் கேரல் பிள்ளைகள் வெளிச்சம் பார்த்து வந்தார்கள். ஜக்கில் ஆரஞ்சுத் தண்ணீர் முன்கூட்டியே கலந்து இருந்தது. இருபத்தைந்தாம் தேதியும் வந்தது. லெட்சுமி வீட்டுக்குத் தட்டு போய்ச் சீனியோடு திரும்பியது; சீனியைத் தெரேசாவின் டப்பாவில் கொட்டி மூடினார். மற்றபடி அன்று முழுக்க அவரும் அந்த நாளும்தான், காற்றாடிக்குக் கீழே, சோபாவில் ஆளுக்கு ஒரு பக்கம்.